கல்லாக நின்றவர்கள்: வட ஆர்க்காட்டு நடுகற்களும் ஒரு காலத்தின் பண்பாடும்

ஒரு வீரன் தன் காலத்து மக்களின் மனத்தையும் நடத்தையையும் எவ்வாறு மாற்றுகிறான் என்று கேட்டால், நாம் பெரும்பாலும் திரை நாயகர்களையே எண்ணிப் பார்க்கிறோம். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துக்காரர்கள் அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. செங்கத்திலிருந்து ஆம்பூர் வரை, வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் இறந்த வீரர்களின் நினைவாக நிற்கும் நடுகற்களே அதற்கு விடை சொல்கின்றன.

செங்கம் பகுதியிலுள்ள எடுத்தனூரில் அப்படி ஒரு கல் இருக்கிறது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், தன் எருமைகளைக் காக்கப் போராடி உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு அது எடுக்கப்பட்டது. கோவிவன் என்னும் அவனுடைய நாய் கள்வரைக் கடித்துக் காத்து நின்றதையும் அதே கல் பதிவுசெய்திருக்கிறது. சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு நாயின் பெயரை இன்று நாம் சொல்ல முடிகிறது என்பது என்னை ஒவ்வொரு முறையும் நெகிழச் செய்கிறது.

இறந்தவர் அனைவருக்கும் கல் நடப்படவில்லை. ஜவ்வாது மலையடிவாரம் போன்ற காட்டுப் பகுதிகளில் கால்நடையே செல்வம் என்பதால், மந்தை பறிபோனால் ஊரின் வாழ்வே முறிந்துவிடும். மந்தையைத் 'தொறு' என்று குறிக்கும் இக்கல்வெட்டுகளில், தொறு மீட்டுப் பட்டவனே, அதாவது மீட்டு உயிர்விட்டவனே, மீண்டும் மீண்டும் வருகிறான். மக்கள் எதை இழக்க அஞ்சினார்களோ அதைக் காத்தவனையே வீரனாகத் தேர்ந்தார்கள்.

அந்தத் தேர்வு அடுத்த தலைமுறையின் நடத்தையாக மாறியது எப்படி? உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1960களில் நடத்திய பொம்மைச் சோதனைகள் இங்கே பெரிதும் உதவுகின்றன. பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைக் கண்ட குழந்தைகள் தாமும் அவ்வாறே செய்தார்கள். 1965இல் வெளியான ஆய்வில், அடித்தவர் தண்டிக்கப்படுவதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அவரைப் பின்பற்றினார்கள். ஆனால் செய்துகாட்டினால் பரிசு உண்டு என்றதும், அவர்களும் மற்றவர்களைப் போலவே செய்துகாட்டினார்கள். அதாவது, பார்த்த அளவிலேயே செயல் மனத்தில் பதிந்துவிடுகிறது. அது வெளிப்படுவதோ, அச்செயலுக்கு என்ன கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பைப் பொறுத்தது.

உயிரைக் கொடுத்தவனுக்கு என்ன பரிசு கிடைத்துவிட முடியும்? வீரனின் குடும்பத்துக்கு நிலம் வழங்கும் வழக்கம் இருந்தது. அதற்கு உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்பட்டி என்றும் பெயர். நெய்த்தோர் என்பது குருதி. குருதிக்கு ஈடாகக் கிடைத்த அந்த நிலத்தில் பிள்ளைகள் உழுவதை ஊரே பார்த்தது. தான் போனாலும் தன் வீடு பட்டினி கிடக்காது என்ற உறுதி இல்லாமல், புகழ் ஒன்றை மட்டும் நம்பி எத்தனை இளைஞர்கள் கள்வர் கூட்டத்தை எதிர்த்திருப்பார்கள் என்பது எனக்கு ஐயமே.

நினைவை நிலைநிறுத்தும் வேலையைச் சடங்கு செய்தது. கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து, கொண்டுவந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் கூறுகிறது. அக்காலத் தமிழ் எழுத்து வடிவமான வட்டெழுத்தை அறியாதவருக்கும் கல்லில் செதுக்கிய வில்லும் வாளும் செய்தியைச் சொல்லின. நிருபதுங்க பல்லவனின் 26ஆம் ஆட்சியாண்டில், நுளம்பன் என்னும் அரசனின் படை ஆம்பூரில் தொறு கவர்ந்தபோது இறந்தவர்களுக்கும் கல் எடுத்தார்கள். எடுத்தனூர்க் கல்லுக்கு இரு நூற்றாண்டுகளுக்கும் மேல் பிந்திய அந்தக் கற்களும் அதே வகைச் செயலையே போற்றின.

பின்னர் எழுத்து மாறியது. வட்டெழுத்தைப் படிப்பவர் இல்லாமற் போயினர். வீரர்களின் பெயர்களும் மறைந்தன. ஆயினும் வழிபாடு நிற்கவில்லை. செங்கம் பக்கத்து ஊர்களில் பல நடுகற்கள் இன்று வேடியப்பன் என்னும் தெய்வமாகப் பொங்கலும் படையலும் பெறுகின்றன. கல்லில் பொறித்த பெயரை அறியாத பெற்றோர், தம் பிள்ளைகளுக்கு வேடியப்பன் என்று பெயரிட்டு அழைக்கிறார்கள்.