பாதாள சாக்கடை இணைப்பு: பணம் கட்டும் முன் மட்டம் பாருங்கள்

போன வருடம் ஆடி மாதம் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் போன் செய்தார். "தம்பி, டிரைனேஜுக்குப் பணம் கட்டியாச்சு, குழாயும் போட்டாச்சு. ஆனா ராத்திரி மழை பெஞ்சா கீழ் வீட்டு பாத்ரூம்ல சாக்கடை ஏறி வருது." 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த புறநகர்ப் பகுதி அது. போய்ப் பார்த்து, ரசீது எங்கே என்று கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. தெருவில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் "எல்லாம் நானே பாத்துக்கறேன்" என்று மொத்தமாகப் பணம் வாங்கிப் போயிருக்கிறார். சென்னைக் குடிநீர் வாரியத்தில் அந்த வீட்டின் பெயரில் விண்ணப்பமே இல்லை. தோண்டிப் பார்த்தால், குழாய் போய்ச் சேர்ந்திருந்தது மழைநீர் வடிகாலில்.

கட்டடங்களுக்குக் குழாய் வரைபடம் போட்டுக்கொடுப்பது என் தொழில். இந்தக் காட்சியைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். அதனால் முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தெருவோரம் சிமென்ட் பலகை போட்டு மூடிய பெட்டிக் கால்வாய் மழைநீர் வடிகால். அது மாநகராட்சியுடையது, அதில் விடும் தண்ணீர் சுத்திகரிக்கப்படாமல் நேராகக் கூவத்துக்கோ அடையாற்றுக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோ போகும். வட்ட மூடி போட்ட மேன்ஹோல்கள் வரிசையாக இருந்தால் அது கழிவுநீர்க் குழாய். அதைப் பார்த்துக்கொள்வது குடிநீர் வாரியம். அந்தக் கழிவுநீர், மோட்டார் வைத்து இறைத்துத் தள்ளும் உந்து நிலையம் வழியாகக் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி போன்ற சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. உங்கள் வீட்டுக் குழாய் எதில் சேர்கிறது என்று நீங்களே நின்று பாருங்கள்.

புறநகரில் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: தெருவில் குழாய் பதித்துவிட்டார்கள், சரி, அது பயன்பாட்டுக்கு வந்துவிட்டதா? உந்து நிலையம் ஓடத் தொடங்காமல் வெறும் குழாய் மட்டும் இருந்தால், நீங்கள் விடும் கழிவுநீர் அங்கேயே தேங்கி, பள்ளத்தில் இருக்கும் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் பொங்கும். உங்கள் பகுதியில் உள்ள வாரியத்தின் டெப்போவில் கேட்டால் சொல்வார்கள். கேட்காமல் யாரும் இணைத்துவிடாதீர்கள்.

இனி மட்டம். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை, பிறகு அதிகம் செலவு வைப்பதும் இதுதான். கழிவுநீர் தானாக ஓட வேண்டுமானால் குழாய்க்குச் சரிவு வேண்டும். நான்கு அங்குலக் குழாய்க்கு 60 அடிக்கு ஓர் அடி, ஆறு அங்குலக் குழாய்க்கு 100 அடிக்கு ஓர் அடி என்பது நாங்கள் வைக்கும் கணக்கு. பின்பக்க பாத்ரூமிலிருந்து கேட் வரை 15 மீட்டர் என்றால் நான்கு அங்குலக் குழாய் 25 செ.மீ. இறங்கியாக வேண்டும். கேட்டிலிருந்து மேன்ஹோல் 9 மீட்டர் என்றால் ஆறு அங்குலக் குழாய் இன்னும் 9 செ.மீ. இறங்கும். பாத்ரூமில் குழாய் தொடங்கும் இடமே தரைக்குக் கீழே 45 செ.மீ. இருக்கும். ஆக, மேன்ஹோலைத் தொடும்போது பாத்ரூம் தரையிலிருந்து கிட்டத்தட்ட 80 செ.மீ. ஆழம்.

ரோடு உயரமாக இல்லாத வீட்டுக்கு இது பிரச்சினையே இல்லை. ஆனால் நம் ஊரில் ரோடு போடப் போட உயர்ந்துகொண்டே வருகிறது. உங்கள் தரை ரோட்டை விட 60 செ.மீ. பள்ளம் என்றால், குழாய் சேரும் இடம் மேன்ஹோல் மூடியிலிருந்து 140 செ.மீ. கீழே இருக்கும். தெருவின் தொடக்கத்தில் உள்ள மேன்ஹோல் அவ்வளவு ஆழம் இருக்காது. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு சின்னத் தொட்டியும் மோட்டாரும் வைத்து ஏற்றிவிடுவதுதான் வழி. ஆழம் போதுமாக இருந்தாலும், மேன்ஹோல் அடைத்துக்கொண்டால் உள்ளே தண்ணீர் மூடி வரை ஏறும். மூடியின் மட்டத்துக்குக் கீழே உங்கள் வீட்டில் எந்தக் குழி இருக்கிறதோ அதன் வழியாக அது வீட்டுக்குள் வரும். தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு ஒன்றைக் கேட் அருகே குழாய் கடக்கும் இடத்தில் ஒரு சின்னத் தொட்டி கட்டி அதில் வைத்து, அதை அவ்வப்போது திறந்து சுத்தம் செய்யவும் இடம் விடுங்கள். இதையெல்லாம் கணக்குப் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூப் லெவல் போதும், அரை மணி நேர வேலை.

மட்டம் சரி என்று தெரிந்த பிறகு விண்ணப்பம். இணையத்திலும் போடலாம், பகுதி அலுவலகத்திலும் கொடுக்கலாம். சொத்து வரி ரசீது, பத்திர நகல், கட்டட அனுமதி வரைபடம், அடையாள அட்டை எல்லாம் எடுத்து வையுங்கள். பெரிய கட்டடமாக இருந்தால் நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் கதவைத் தட்டிப் பயனில்லை. அதிகாரி வந்து இடத்தைப் பார்த்த பிறகுதான் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கேட்பு வரும். வீடா கடையா, எத்தனை தளம், எவ்வளவு பரப்பு என்பதைப் பொறுத்து இணைப்புக் கட்டணம் மாறும். ரோடு வெட்டுவதற்கான கட்டணம் தார் ரோடா சிமென்ட் ரோடா என்பதைப் பொறுத்தது. இதோடு பழைய வரி பாக்கி இருந்தால் அதையும் கேட்பார்கள். சென்னையில் குடிநீர், கழிவுநீர் வரி சொத்தின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம். மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் தவணை வசதி உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். எதுவானாலும் பணம் வாரியத்தின் கணக்குக்குத்தான் போக வேண்டும், உங்கள் பெயரில் ரசீது வர வேண்டும். பிளம்பரின் கூலி தனி. இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாகக் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ரோடு வெட்டும் அனுமதியை நிறுத்தி வைப்பது வழக்கம். அதனால் வைகாசி, ஆனியிலேயே விண்ணப்பியுங்கள். ஐப்பசியில் பணம் கட்டிவிட்டு, தை வரை காத்திருப்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

அப்புறம் வீட்டுக்குள் நடக்கும் வேலை. சமையலறைத் தண்ணீர், குளியல் தண்ணீர், கழிப்பறை மூன்றும் கழிவுநீர்க் குழாயில் சேரட்டும். மாடி மழைநீரை மட்டும் அதில் விடவே கூடாது. ஒரு தெருவே அப்படிச் செய்வதால்தான் மழை நாளில் மேன்ஹோல் மூடி தூக்கிக்கொள்கிறது.

கடைசியில் பழைய செப்டிக் டேங்க். இங்கேதான் எனக்குப் பயம். "கொஞ்சம் மண்டிதான் இருக்கு, ஆள விட்டு அள்ளிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். உள்ளே தேங்கியிருக்கும் வாயு ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்குபவரையும் சேர்த்து. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்கி அள்ள வைப்பதை, கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக்காரரும் இதில் தப்ப முடியாது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. இறங்கியவர் திரும்பி வரப்போவதில்லை. செப்டிக் டேங்க் சுத்தம் செய்வதற்கான உதவி எண் 14420-இல் கூப்பிட்டுக் கேளுங்கள், லாரி வந்து உறிஞ்சி எடுக்கட்டும். பிறகு மேலிருந்தே மணலையும் கட்டட உடைசலையும் கொட்டி மூடிவிடலாம்.

டீச்சரம்மா வீட்டில் வடிகாலுக்குப் போன குழாயை அன்றே அடைத்தோம். புதிதாக விண்ணப்பித்து, தை மாதம் முறையான இணைப்பு கிடைத்தது. டேங்கை மூடும் நாளில் பக்கத்து வீட்டுக்காரர் குறைந்த கூலிக்கு ஓர் ஆளைக் கூட்டிவந்து நிறுத்தினார். அந்தப் பையனுக்கு இருபது வயது இருக்கும். டீச்சரம்மா அவனை உட்காரவைத்து டிபன் கொடுத்து, பஸ் காசும் கையில் வைத்து அனுப்பிவிட்டு, லாரிக்காக மதியம் மூன்று மணி வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.