‘தேசா’ன்னா தேசம் இல்லைங்க, ஊரு

போன வாரம் ராத்திரி, இந்தோனேசியாவோட ஜாவாவுல இருக்குற போரோபுதூர் பௌத்தக் கோயில் பத்தி ஒரு தமிழ் வீடியோ பார்த்துட்டு இருந்தேன். நல்லாத்தான் எடுத்திருந்தாங்க, ட்ரோன் ஷாட் எல்லாம் பிரமாதம், ஆனா குரல் குடுத்தவர் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ "இந்தத் தேசத்து மக்கள்", "பக்கத்துத் தேசத்துல இருந்து நடந்தே வர்றாங்க"ன்னு சொல்லிட்டே இருந்தார். ஜாவா ஒரு தீவுங்க, சுத்திக் கடல், நடந்து வர்ற தூரத்துல ஒரு வெளிநாடும் கிடையாது. அங்க ‘தேசா’ன்னா ஊரு, அதைத்தான் தேசம்னு பெயர்த்து வச்சிருக்காங்க. எனக்கு முதல்ல சிரிப்பு வந்துச்சு, அப்புறம் எரிச்சல், ஏன்னா இதே கூத்தை நான் கேக்குறது இது எத்தனாவது தடவைன்னு கணக்கே இல்ல. ‘தேசா விசாத்தா’ன்னா டூரிஸ்ட்டுங்க போய்த் தங்குற கிராமம், அதை "சுற்றுலா தேசம்"னு ஒருத்தர் எழுதினார். ‘தானா தேசா’ன்னா 2015ல இருந்து இந்தோனேசிய அரசு ஒவ்வொரு ஊருக்கும் நேரடியா குடுக்குற பணம், அதை "தேச நிதி"ன்னு இன்னொருத்தர். அந்த நாட்டுல கிட்டத்தட்ட 75,000 தேசா இருக்கு, இவங்க கணக்குப்படி ஐநா சபையில அவ்ளோ நாற்காலி போடணும்.

சொல்லோட பூர்வீகத்தைச் சட்டுனு முடிச்சுர்றேன், அதுல பெரிய மர்மம் ஒண்ணும் இல்ல. சமஸ்கிருதத்துல ‘திச்’னா சுட்டிக் காட்டு, அதுல இருந்துதான் திசையும் வருது, ‘தேச’வும் வருது, அதாவது சுட்டிக் காட்டுற ஒரு இடம், அவ்ளோதான். இடம் எவ்ளோ பெருசுங்கிறது அந்தச் சொல்லுக்குள்ள இல்லவே இல்ல. நம்ம பக்கம் அது பெருசாகிப் பெருசாகி தேசம், தேசபக்தி, தேசியக்கொடின்னு போயிருச்சு. ஜாவாவுல அது சின்னதாகிச் சின்னதாகி, நாலு தெரு, ஒரு மசூதி, ஒரு ஊர்ச்சாவடி, சுத்தி நெல்லு வயல்னு நின்னுருச்சு. உச்சரிப்பு நம்ம ‘தே’தான், ‘டே’ இல்ல. ஜாவாக்காரங்களுக்கு தகரம் வேற டகரம் வேற, நம்மள மாதிரியே, அதனால ‘டேசா’ன்னு எழுதுறவங்க இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து எழுதுறாங்கன்னு உடனே தெரிஞ்சுரும். ஜொக்ஜா (யோக்யகர்த்தா), சோலோ நகரங்கள் பக்கம் கடைசி ஆகாரத்தை ஒகரமா மாத்தி ‘தேஸொ’ங்கிறாங்க, மேற்கே பன்யூமாஸ் பக்கம் போனா ‘தேஸ’ன்னே நிக்கும். ‘ந்தேஸொ’ன்னு முன்னாடி ஒரு மூக்கொலி சேர்த்தா அது கேலி, நம்ம ‘பட்டிக்காட்டான்’ இருக்கே, அச்சு அசல் அதுதான். தேசம்னு பெயர்க்குறவங்க இதை என்னன்னு பெயர்ப்பாங்கன்னு தெரிஞ்சுக்க எனக்கு ரொம்ப ஆசை.

ஒரு நிஜ ஊரை வச்சே பாக்கலாம். மத்திய ஜாவாவுல மகெலாங் மாவட்டத்துல சலாம்னு ஒரு வட்டம், அதுல கடிலுவிஹ்னு ஒரு தேசா, அதுக்குள்ள சங்கல்னு ஒரு குட்டிக் குடியிருப்பு. மெராபி எரிமலை அடிவாரம், அந்தப் பக்கமெல்லாம் சலாக் தோட்டம், பாம்புத்தோல் மாதிரி தோல் இருக்குமே அந்தப் பழம். அங்க ஒரு குன்னு மேல சிவன் கோயில் இடிபாடு, அங்கதான் சங்கல் கல்வெட்டு கிடைச்சது. சக ஆண்டு 654, அதாவது 732, பல்லவ எழுத்து, சமஸ்கிருத மொழி, சஞ்சயன்னு ஒரு ராஜா லிங்கம் நட்டதைச் சொல்லுது. குன்னோட பேரு குனுங் வுகிர். குனுங்னாலும் மலை, வுகிர்னாலும் மலை, மலைமலைன்னு பேரு வச்சிருக்காங்க, நம்ம ‘நடுசென்டர்’ மாதிரி.

அந்தக் கல்வெட்டுலயே ‘குஞ்சரகுஞ்ச தேச’ன்னு ஒரு சொல் வருது. இது தென்னிந்தியாவுல அகத்தியர் ஆசிரமத்தோட சம்பந்தப்பட்ட இடம்னு ஆராய்ச்சிக்காரங்க சில பேர் சொல்றாங்க, இல்ல ஜாவாவுலயேதான்னு சில பேர் மல்லுக்கட்டுறாங்க, அந்தச் சண்டைக்குள்ள நான் போகல. எனக்கு வேண்டியது ஒண்ணுதான், அங்க தேசன்னா ‘பகுதி’, ஊரும் இல்ல நாடும் இல்ல. அப்போ ஊருக்கு என்ன சொன்னாங்கன்னு கேட்டா, ‘வனுவா’. கொஞ்சம் பிந்தி பழைய ஜாவா மொழியில வர்ற கல்வெட்டு, செப்பேடு எல்லாத்துலயும் ஊருன்னா வனுவா, அந்த ஊர் எந்தப் பிரபுவோட ஆளுகைக்குள்ள வருதோ அந்த வட்டாரம் ‘வதக்’. 907ல பலிதுங் ராஜா மந்த்யாசிஹ்னு ஒரு ஊருக்கு வரிவிலக்கு குடுத்துச் செப்பேடு போட்டார், இன்னைக்கு அது மகெலாங் டவுனுக்குள்ள மெதெசெஹ்ங்கிற பேர்ல இருக்கு, அந்தத் தேதியைத்தான் மகெலாங் தன்னோட பொறந்தநாளா கொண்டாடுது. சரி, இந்த வனுவாவுக்கு என்ன ஆச்சு? அதே சொல் மலாய்ப் பக்கம் ‘பெனுவா’ ஆகி இன்னைக்கு அங்க கண்டம்னு அர்த்தம். ஆசியாக் கண்டம், ஆப்பிரிக்காக் கண்டம், அந்தக் கண்டம். பசிபிக்ல வனுவாட்டுன்னு ஒரு நாடே இருக்கு, அதுவும் இதே சொல்தான். ஊரு கண்டமாயிருச்சு, பகுதி ஊராயிருச்சு.

இது போதாதுன்னு ‘நகர’ வேற. நமக்கு நகரம்னா டவுன். பழைய ஜாவாவுல அது ராஜா இருக்குற தலைநகர், இன்னைக்கு இந்தோனேசிய மொழியில ‘நெகாரா’ன்னா நாடு. அதாவது நம்ம தேசம் அங்க நெகாரா, நம்ம ஊரு அங்க தேசா, ரெண்டும் அப்படியே தலைகீழா மாறி உக்காந்திருக்கு. ‘தேசா மாவா சாரா, நெகாரா மாவா தாதா’ன்னு ஜாவாவுல ஒரு பழமொழி உண்டு, ஊருக்கு ஊரு ஒரு வழக்கம் இருக்கும், அரசுக்கு அதோட சட்டதிட்டம் இருக்கும்னு அர்த்தம். நம்ம வீடியோக்காரர் இதை "தேசத்துக்கு ஆசாரம், நகரத்துக்கு ஒழுங்கு"ன்னு போட்டிருந்தார். கேக்க கம்பீரமாத்தான் இருக்கு. சொன்ன பெருசு எழுந்து வந்து அடிப்பாரு.

இதை ஒரு நண்பர்கிட்ட சொன்னேன், மொழிபெயர்ப்புதான் அவருக்குப் பொழப்பு, தேசம்னு எழுதுறதுல தப்பே இல்லைன்னு ஒரே சாதிப்பு. அவரோட வாதம் மூணு. முதல் வாதம், மூலச்சொல் ஒண்ணுதானே, நம்மகிட்ட இருக்குற சொல்லையே போட்டா வாசகனுக்கு உறவு தெரியும்ல. உறவு தெரியட்டும் சார், யார் வேணாம்னா, அடிக்குறிப்புல போடுங்க. சொல் ஒண்ணா இருந்தா பொருள் ஒண்ணா இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல. அங்க ‘பூபதி’ன்னு ஒரு பதவி உண்டு, மாவட்டத் தலைவர், ‘புபாதி’ம்பாங்க, ‘கபுபாதென்’னு மாவட்டத்துக்குப் பேரு வந்ததே அதுல இருந்துதான். மகெலாங் மாவட்டத்துக்குத் தேர்தல்ல ஜெயிச்சு வர்ற ஆளை நீங்க "மகெலாங் அரசர்"னு எழுதுவீங்களான்னு கேட்டேன். பேச்சை மாத்திட்டார்.

ரெண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது, ஒத்துக்கணும். பழந்தமிழ்ல தேயம், தேஎம்னா சும்மா இடம், பகுதிதான், குறுந்தொகையிலயே ‘மொழிபெயர் தேஎத்தர்’னு வருதுன்னார். கேரளாவுல தேசம்னா நாட்டை விடச் சின்ன அலகு, தேசவாழி சின்னவர் நாடுவாழி பெரியவர், மலபார் பக்கம் நிலப்பத்திரத்துல அம்சம், தேசம்னு போடுவாங்க, அந்தத் தேசம் கிட்டத்தட்ட ஜாவா தேசா அளவுதான்னார். எல்லாம் உண்மை. மலையாளத்துல மொழிபெயர்க்குறவருக்கு இது வரம், அவர் தாராளமா தேசம்னு எழுதலாம், நானே கைதட்டுவேன். ஆனா நாம எழுதுறது இன்னைக்கு பஸ்ல உக்காந்து போன்ல படிக்கிற தமிழ் ஆளுக்கு, அவர் காதுல தேசம்னா கொடியும் பாஸ்போர்ட்டும்தான் விழும், குறுந்தொகை விழாது. (நடுவுல பிரமதேயத்தையும் இழுத்தார், அதுலயும் தேயம் ஊருதானேன்னு. அது வேற சொல்லுங்க, அந்தத் தேயம் ‘கொடுக்கப்பட வேண்டியது’, தானத்துல வர்றது, இடத்துக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. பல் முளைச்ச நாள்ல இருந்து தமிழ் எழுதுறவர், இதுல சறுக்குறார்.)

மூணாவது வாதம் தப்பிக்கிற வாதம். தேசம் வேணாம்னா ‘சிற்றூர்’னு போட்டுரலாம், தூய தமிழ் ஆச்சேன்னார். இதுலதான் எனக்கு நிஜமாவே கோபம். சிற்றூர்னு எந்த ஊர்லயாவது யாராவது பேசிக் கேட்டிருக்கீங்களா? அது பாடப்புத்தகத்துலயே பொறந்து பாடப்புத்தகத்துலயே வளந்த சொல். அதை விடுங்க, பொருளும் பொருந்தல. ஜாவாவுல ஒரு தேசாவுல பல ஆயிரம் பேர் இருப்பாங்க, அதுக்குள்ள நாலஞ்சு ‘துசுன்’ இருக்கும், அதுதான் குட்டிக் குடியிருப்பு, கடிலுவிஹ்குள்ள சங்கல் இருக்குற மாதிரி. தேசாவைச் சிற்றூர்னு சொல்லிட்டா துசுனுக்கு என்ன சொல்வீங்க, சிறுசிற்றூரா? கேட்டா ‘உட்சிற்றூர்’னார் மனுஷன், முகத்துல ஒரு சிரிப்பு கூட இல்லாம. இதுல இன்னொரு சிக்கல், மரியாதையான ஜாவா மொழியில தேசாவையே ‘துசுன்’ம்பாங்க, அவங்களுக்கு ஒரே பொருளுக்கு மரியாதைச் சொல் தனி, சாதாரணச் சொல் தனி. உட்சிற்றூரை வச்சுக்கிட்டு இதை எப்படிச் சமாளிப்பார்னு நான் கேக்கல, பாவமா இருந்துச்சு.

ஊருன்னு எழுதுங்க. ரெண்டெழுத்து, கொழந்தைக்கும் தெரியும், சின்னதுக்கும் பெருசுக்கும் பொருந்தும், முக்கியமா கூட்டுச்சொல்லுக்கு வளைஞ்சு குடுக்கும். ‘பலை தேசா’ ஊர்ச்சாவடி. ‘கெபாலா தேசா’ ஊர்த்தலைவர், ஜாவாக்காரங்க இன்னும் பழக்கத்துல ‘பாக் லுரா’ன்னுதான் கூப்பிடுவாங்க. ‘சாரிக்’ ஊர்க்கணக்கு எழுதுறவர். இவங்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலா ஊர் நிலத்தைப் பயிர் வச்சுக்கக் குடுப்பாங்க, ‘பெங்கோக்’னு பேரு, நம்ம ஊர் மானிய நிலம்னு சொன்னா உடனே புரிஞ்சுரும். ‘பெர்சிஹ் தேசா’ன்னு ஒண்ணு, அறுப்பு முடிஞ்சு ஊர்க்காவல் ஆவிக்குப் படையல் வச்சு, எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டு, விடிய விடிய வயாங் பொம்மலாட்டம் நடத்துறது. பெர்சிஹ்னா சுத்தம்ங்கிறதால இதை "தூய்மை தேசம்"னு போட்டு, ஏதோ குப்பை அள்ளுற அரசுத் திட்டம் மாதிரி ஆக்கி வச்சிருந்தாங்க ஒரு கட்டுரையில. ஊர்க்கொடைன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா திருநெல்வேலிக்காரன் ஒருத்தன் கூட விளக்கம் கேட்டிருக்க மாட்டான். சட்டம், நிர்வாகம்னு வர்ற இடத்துல கிராமம்னு போடுங்க, அதுவும் வடசொல்தான், ஆனா நம்ம வாயில ஊறின சொல், எனக்கு அதுல தீட்டு இல்ல. 2014 கிராமச் சட்டம்னு எழுதினா சரியா இருக்கும். 1979ல அதிபர் சுகார்த்தோ ஆட்சியில எல்லாத் தீவுக்கும் ஒரே அச்சா தேசா அமைப்பைத் திணிச்சு ஒரு சட்டம் போட்டாங்க, மேற்கு சுமத்ராவுல ‘நகரி’ன்னு இருந்த பழைய ஊரமைப்பையெல்லாம் வெட்டி தேசா ஆக்கினாங்க, பிற்பாடு மக்கள் கேட்டு நகரி திரும்ப வந்துச்சு. கவனிங்க, அந்த நகரியும் நகரம் இல்ல, ஊருதான். இதைத் தமிழ்ல யாராவது எழுதும்போது என்ன ஆகும்னு நினைச்சாலே பயமா இருக்கு.

ஊரைச் சுத்தின வட்டாரத்துக்கு என்ன சொல்றதுன்னு கேட்டா அங்கதான் நானும் தடுமாறுறேன். கடிலுவிஹ், மகெலாங், போரோபுதூர் எல்லாம் சேர்ந்த பிரதேசத்துக்குப் பழைய பேரு கெடு. ஆமா, கெடு. கிழக்க மெராபி, மெர்பாபு, மேற்க சும்பிங், சுந்தோரோ, தெற்க மெனோரே மலை, நடுவுல ப்ரோகோ ஆறு ஓடுற சமவெளி. மாத்தாராம் ராஜ்யத்துல தலைநகரைச் சுத்தின உள்வட்டமான ‘நெகாராகுங்’ல ஒரு பாகம், அதுக்கு வெளிய இருந்த பகுதிக்கு ‘மன்சநெகாரா’, இன்னைக்கு அந்தச் சொல்லுக்கு வெளிநாடுன்னு அர்த்தம், ஒரு காலத்துல நடந்தே போற தூரம். 1812ல ஜொக்ஜாவை அடிச்சு கெடுவைப் பிடுங்கினது இங்கிலீஷ்காரன், அப்புறம் டச்சுக்காரன் கையில அது ‘ரெசிடென்சி’ங்கிற நிர்வாகப் பகுதியா இருந்துச்சு, டச்சுக்காரனை எதிர்த்துப் போர் நடத்தின ஜாவா இளவரசர் திபொநெகோரோவைப் பேச்சுவார்த்தைக்குன்னு வரவச்சு 1830 மார்ச் 28ல கைது பண்ணினது மகெலாங்ல அந்த ரெசிடென்சி அதிகாரியோட வீட்டுலதான். இன்னைக்கு நிர்வாக மேப்புல இந்தப் பெரிய கெடு கிடையாது, ஆனா அந்த வட்டார வண்டி நம்பர் பிளேட் எல்லாம் இன்னும் ‘AA’ன்னுதான் தொடங்கும். இதை மாவட்டம்னு எழுதுறது தப்பு, அஞ்சு மாவட்டம் இதுக்குள்ள அடங்கும். சிவகங்கைச் சீமைங்கிற மாதிரி ‘கெடுச் சீமை’ன்னு சொல்லலாம்னு எனக்கு ஆசை, நம்ம கொங்கு மாதிரி மேப்புல இல்லாட்டியும் வாயில இருக்குற பேரு அது. ஆனா ‘சீமா’ன்னா பழைய ஜாவாவுல எல்லைக்கல் நட்டு வரி நீக்கின நிலம், மந்த்யாசிஹ் செப்பேட்டுல வர்றது அதேதான், நம்மாளு அதையும் சீமைன்னு எழுதிட்டா சீமைக்குள்ள சீமையாயிரும். போதாக்குறைக்கு ‘கெடுச் சீமை’ங்கிறதைப் படிக்கிறவன் ஏதோ கெட்டுப்போன சீமைன்னு நினைப்பான், ‘கெடு சமவெளி’ன்னா ஏதோ கடைசித் தேதின்னு நினைப்பான். நல்ல யோசனை இருந்தா சொல்லுங்க.

அந்த வீடியோவுக்குக் கீழ நான் ரொம்ப மரியாதையா ஒரு கமெண்ட் போட்டேன், ஐயா தேசம்னு சொல்லாதீங்க, அது ஊருன்னு. நன்றி தோழர், அடுத்த பாகத்துல திருத்திக்கிறோம்னு பதில் வந்துச்சு. நேத்து ரெண்டாம் பாகம் வந்தது. சொன்ன மாதிரியே தேசத்தை எடுத்துட்டாங்க, இப்போ எல்லா இடத்துலயும் "டேசா கிராமம்".

மலைமலை.