மாலுக்குள் ஒரு ஈயக் கோபுரம்

மெல்பர்னில் மகள் வீட்டுக்குப் போய்வந்த வாசகர் ஒருவர் படம் அனுப்பிக் கேட்டிருக்கிறார்: "மெல்பர்ன் சென்ட்ரல் மாலுக்குள், கண்ணாடிக் கூம்புக்குக் கீழே பழைய செங்கல் கோபுரம் நிற்கிறதே, அது சர்ச்சா, புகைபோக்கியா?"

இரண்டுமில்லை, அது வேட்டைத் துப்பாக்கிக்கான ஈயக் குண்டு செய்த ஆலை.

முதலில் மாலின் கதை. 1960-ல் மையர் நிறுவனம் புறநகரில் சாட்ஸ்டோன் வணிக வளாகத்தைத் திறந்தது. கார் வைத்திருந்தவர்கள் அதுபோன்ற இடங்களுக்குப் போகப் போக, நகர நடுவில் இருந்த பெரிய கடைகளுக்குக் கூட்டம் குறைந்தது. அந்தக் கூட்டத்தைத் திரும்ப இழுக்க வந்தவற்றில் ஒன்றுதான் 1991-ல் திறந்த மெல்பர்ன் சென்ட்ரல். வடிவமைத்தவர் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகவா. மனையில் நின்ற கோபுரமோ பாதுகாக்கப்பட்ட சின்னம், இடிக்க முடியாது. சரி என்று அதன் மேலேயே 84 மீட்டர் உயரக் கூம்பைக் கவிழ்த்துவிட்டார்கள். பெரிய கடையாக வந்த டைமாரு 2002-ல் மூடிவிட்டுப் போனது. கோபுரம் அங்கேயேதான் இருக்கிறது.

கூப் குடும்பத்தார் 1890 வாக்கில் கட்டிய அதன் உயரம் 50 மீட்டர், படிகள் 327. ஈயம் உருகும் வெப்பநிலையும் 327 டிகிரிதான்! வெறும் தற்செயல், எண்கணித ஜோதிடர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

வேலை நடந்த விதம்தான் எனக்குப் பிடித்தது. உச்சியில் ஈயத்தை உருக்கி, பூந்திக் கரண்டி மாதிரி ஓட்டை போட்ட தட்டில் ஊற்றுவார்கள். ஒழுகும் ஈயம் துளித்துளியாக அறுந்து விழும். தரையில் வைத்த துளியை அதன் எடையே தட்டையாக்கிவிடும். விழுகிற துளிக்கு அந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை; அதனால் பரப்பு இழுவிசை வைத்ததே சட்டம். அது பரப்பைக் கூடியமட்டும் சுருக்கப் பார்க்கும். ஒரே கனஅளவுக்கு மிகக் குறைந்த பரப்புள்ள வடிவம் கோளம். கண்ணிமைப்பதற்குள் துளி உருண்டுவிடும். அப்புறம் மூன்று, நான்கு விநாடிப் பயணம் முழுக்கக் காற்றில் ஆறி இறுகுவதற்குத்தான். கீழே தொட்டித் தண்ணீர் அதை நசுங்காமல் வாங்கிக்கொள்ளும். பெரிய குண்டு ஆற அதிக நேரம் பிடிக்கும், ஆகவே அதற்கு உயரமும் அதிகம் வேண்டும். ஈயத்தில் கொஞ்சம் ஆர்சனிக்கும் கலப்பார்கள். கலக்காவிட்டால் மேலே ஆடை படிந்து, துளி வாலோடு உறைந்துவிடும்.

1782-ல் இதற்குக் காப்புரிமை வாங்கியவர் இங்கிலாந்தின் பிரிஸ்டலைச் சேர்ந்த ஈயக் குழாய் வேலைக்காரர் வில்லியம் வாட்ஸ். யோசனை கனவில் வந்தது என்பார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. அன்றாடம் ஈயம் உருக்கிய மனிதருக்கு அது சிந்துவதைப் பார்க்கக் கனவு எதற்கு? சொந்த வீட்டின் மேலேயே கோபுரம் எழுப்பி, கீழே பள்ளமும் தோண்டிச் சோதித்தாரே, அதைச் சொல்லுங்கள்.

இத்தகைய ஆலைகளில் தரம் பிரித்ததும் அழகு. காய்ந்த குண்டுகளைச் சாய்ந்த பலகையில் உருட்டிவிடுவார்கள். நல்ல உருண்டைகள் வேகமெடுத்து, முனையிலுள்ள இடைவெளியைத் தாண்டிவிடும். கோணல்மாணல்கள் தள்ளாடி வந்து அதற்குள் விழும். திரும்ப உலைக்குப் போகும். அளவுகோல் வேண்டாம், ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்கவும் வேண்டாம்.

கூப் கோபுரம் இப்படி வாரத்துக்கு ஆறு டன் வரை தந்தது. 1961-ல் உற்பத்தி நின்றது. செய்முறையில் பழுதில்லை, குண்டு வாங்கத்தான் ஆள் குறைந்துபோனது.