குளம் பெரிது, துருசு சின்னது

"சேர், எழுத ஒண்டுமில்லை."

'எங்கள் ஊர்க் குளம்' என்று தலைப்பை எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் கடைசி வாங்கிலிருந்து குரல் வந்துவிட்டது. சொன்னவன் கிளிநொச்சி இரணைமடுக் குளத்து வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்தவன். குளம் நிரம்பி வான் பாய்ந்தால் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடித்துவிட்டு அங்கேதான் நிற்பான். ஆனாலும் கொப்பியில் ஐந்து வரிதான். குளம் உண்டு, தாமரை உண்டு, கொக்கு உண்டு, மக்கள் குளிப்பார்கள், குளத்தைப் பாதுகாப்போம்.

குளத்தில் தண்ணீர் முட்ட முட்ட நின்றாலும் வயலுக்கு வருவது துருசு, அதாவது மதகு, விடுகிற அளவுதான். மூளையும் அப்படித்தான். நமக்குத் தெரிந்ததெல்லாம் நீண்டகால நினைவில் கிடக்கும். ஆனால் ஒரே நேரத்தில் கையாளக்கூடியது செயல்படு நினைவில் நிற்பவை மட்டுமே. அதில் ஏழு விடயங்கள், இரண்டு கூடக்குறைய, நிற்கும் என்று 1956இல் உளவியலாளர் ஜோர்ஜ் மில்லர் எழுதினார். 2001இல் இன்னொரு உளவியலாளர் நெல்சன் கோவன் அதை நான்கு அளவுக்குக் குறைத்தார். எழுதும்போது எழுத்துப்பிழை, இலக்கணம், அடுத்த வசனம் எல்லாம் அந்த நான்கு இடத்துக்குத்தான் அடிபடுகின்றன. யோசிக்க இடம் எங்கே?

அதனால்தான் தலைப்பைப் பார்த்ததும் முதலில் ஞாபகம் வருவதை எழுதி, அந்த வசனம் இழுத்துவரும் அடுத்ததை எழுதி, ஊற்று நின்றதும் பேனையை வைத்துவிடுகிறோம். எழுத்தை ஆராய்ந்த பெரைட்டரும் ஸ்கார்டமாலியாவும் 1987இல் இதைத் 'தெரிந்ததைச் சொல்லும்' எழுத்து என்றார்கள். தெரிந்ததையே புரட்டிப் போட்டு, எழுதும்போதே புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது இன்னொரு வகை.

முன்னுரை, உடல், முடிவுரை என்ற சட்டகம் இந்த இடத்தில் கைகொடுக்காது. கையில் இருப்பதை அடுக்கத்தான் அது உதவும்.

சரி, அவனிடம் கிழித்த கலண்டர் தாள் ஒன்றைக் கொடுத்தேன். பின்பக்கத்தில் வசனம் வேண்டாம், ஒழுங்கு வேண்டாம், வெறும் சொற்கள். துருசு, வான், விரால், சிறுபோகம், அப்பா, கூட்டம், வலை... பதினான்கு வந்தன. தலைக்குள் சுமந்ததைத் தாள் சுமக்கத் தொடங்கியதும் துருசு கொஞ்சம் இளகிவிடுகிறது.

அப்புறம் ஒரு சொல்லைப் பிடித்துக் கேள்வி. "கூட்டம் எண்டா என்ன?" சிறுபோகத்துக்கு, அதாவது கோடை நெல் விதைப்புக்கு, முன்னர் குளத்து நீர்மட்டத்தைப் பார்த்து எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவெடுக்கும் கூட்டம். "தண்ணி குறைஞ்சா?" பங்கும் குறையும். "அப்ப அப்பா என்ன செய்வார்?" அவன் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு கூட்டம், அப்பா, சிறுபோகம் மூன்றையும் கோடிழுத்து இணைத்தான். தாமரையைத் தானாகவே வெட்டினான்.

இப்படிப் பாதியில் வெட்டுவதும் திரும்பிப் போவதும் குழப்பம் இல்லை. எழுதுகிறவர்களை யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்த ஃப்ளவரும் ஹேய்ஸும் 1981இல் இதையே காட்டினார்கள்: திட்டமிடுவது, எழுதுவது, திருத்துவது மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று மாறிமாறி வருகின்றன.

எழுதி முடித்தபின் இன்னொரு வேலை. ஒவ்வொரு பந்திக்கும் ஓரத்தில் ஒரு சொல் எழுதச் சொல்வேன். ஒரே சொல் இரண்டு தரம் வந்தால் பந்திகளைச் சேர்க்கலாம், சொல்லே அகப்படாவிட்டால் பந்தி தேவையில்லை.

மறுநாள் கொப்பி வந்தது. முதல் வரி: "இந்தமுறை எங்களுக்கு அரை ஏக்கர்தான் கிடைத்தது." ஒன்றரைப் பக்கம். கடைசி வரியில் மட்டும் 'குளத்தைப் பாதுகாப்போம்' அப்படியே இருந்தது.