ஒரு வார்த்தை பேசாமல் ஒத்துப்போகும் ஆறு இலக்கங்கள்

வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வி இது: "விமானத்தில் உட்கார்ந்திருந்தேன். செல்பேசியில் சிக்னல் இல்லை, இணையம் இல்லை. ஆனாலும் கணக்குகளில் நுழைவதற்கான எண்ணைத் தரும் செயலி, முப்பது நொடிக்கு ஒருமுறை புதிய ஆறு இலக்க எண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தது. இந்த எண்ணை யார் அனுப்புகிறார்கள்? இது சரியான எண்தான் என்று எதிர்முனைக்கு எப்படித் தெரிகிறது?"

யாரும் அனுப்பவில்லை. செல்பேசி தானே கணக்குப் போட்டு அந்த எண்ணைக் கண்டுபிடிக்கிறது. எங்கோ இருக்கும் சர்வரும் அதே கணக்கைத் தன் பாட்டுக்குப் போடுகிறது. இரண்டு விடைகளும் ஒன்றாக இருந்தால் உள்ளே விடுகிறது.

உங்களிடம் இரண்டு செல்பேசிகள் இருந்தால் சோதித்துப் பாருங்கள். கணக்கைத் தொடங்கும்போது திரையில் வரும் க்யூஆர் குறியீட்டை இரண்டிலும் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு இரண்டையும் விமானப் பயன்முறைக்கு மாற்றி மேசையில் அருகருகே வையுங்கள். எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு கருவிகளிலும் ஒரே எண் தெரியும். முப்பது நொடி கழிந்ததும் இரண்டும் ஒரே கணத்தில் இன்னொரு எண்ணுக்கு மாறும். நான் பலமுறை செய்து பார்த்திருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

இந்தக் கணக்குக்கு இரண்டே உள்ளீடுகள். ஒன்று ரகசியச் சாவி. க்யூஆர் குறியீட்டுக்குள் இருப்பது முக்கியமாக அதுதான்: பெரும்பாலும் இருபது பைட் நீளமுள்ள, யாராலும் ஊகிக்க முடியாத எண் (0 அல்லது 1 என்பது ஒரு பிட், எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்). ஸ்கேன் செய்யும் அந்த ஒரு தடவை மட்டுமே அது பயணப்படுகிறது. (அந்தக் குறியீட்டைப் படம் எடுத்துப் புகைப்படங்களோடு வைத்திருந்தால் மாற்றுச்சாவியை வாசற்படியிலேயே வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். அழித்துவிடுங்கள்.)

இன்னொன்று நேரம். 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து, உலகப் பொது நேரப்படி, இதுவரை எத்தனை நொடிகள் கடந்திருக்கின்றன என்பதைக் கணினிகள் எண்ணி வருகின்றன. அதை முப்பதால் வகுத்து மீதியைத் தள்ளிவிட்டால் ஒரு முழு எண் கிடைக்கும். முப்பது நொடிக்கு ஒருமுறை அது ஒன்று கூடும். இரண்டு முனைகளும் தனித்தனியே எண்ணினாலும் ஒரே எண்ணில் வந்து நிற்கும், கடிகாரங்கள் சரியாக இருக்கும்வரை.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கும் தாமதமாகப் போகக் கூடாது என்று என் செல்பேசிக் கடிகாரத்தைக் கையால் ஐந்து நிமிடம் முன்னே தள்ளி வைத்தேன். அன்று மாலை என் எல்லாக் கணக்குகளும் என்னை வெளியே நிறுத்திவிட்டன. ஐந்து நிமிடம் என்றால் பத்து இடைவெளிகள். என் செல்பேசி பத்து எண்கள் முன்னால் போய் நின்றுகொண்டிருந்தது. சர்வர்கள் வழக்கமாக ஒரு இடைவெளி பிசகைப் பொறுத்துக்கொள்ளும், பத்தைப் பொறுக்காது. கடிகாரத்தைத் தானாகச் சரிசெய்துகொள்ள விட்டதும் எல்லாக் கதவுகளும் திறந்தன. நேரம் ஒரு அலங்காரம் இல்லை, பாதிச் சாவியே அதுதான் என்பது அன்று உறைத்தது.

இனி, சாவியையும் நேரத்தையும் கலக்கும் விதத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இரண்டையும் கூட்டியோ பெருக்கியோ எண்ணை உண்டாக்கினால், நான்கு எண்களைப் பார்த்தவர் ஐந்தாவதைச் சொல்லிவிடுவார். எனவே ஹாஷ் என்னும் ஒருவழிக் கணக்கு பயன்படுகிறது. இங்கே வழக்கமாக வருவது ஷா-1. உள்ளே 32 பிட் கொள்ளும் ஐந்து பெட்டிகள். உள்ளீட்டின் துண்டுகள் அவற்றில் விழ விழ, சுழற்றுவது, புரட்டுவது, கூட்டுவது என்று 80 சுற்றுகள் நடக்கும். முடிவில் 160 பிட், அதாவது இருபது பைட், வெளியே வரும். உள்ளீட்டில் ஒரே ஒரு பிட் மாறினாலும் விடையில் ஏறக்குறைய பாதி பிட்டுகள் மாறிவிடும். விடையைப் பார்த்து உள்ளீட்டைத் திரும்பப் பெற நடைமுறையில் வழியில்லை.

இந்த முறையை விவரிக்கும் ஆர்.எஃப்.சி. 6238 என்ற பொது ஆவணம் 2011ல் வெளியானது. சரிபார்த்துக்கொள்வதற்காக அதில் ஒரு மாதிரிச் சாவியும் அதற்கான விடைகளும் அச்சாகியிருக்கின்றன. 2005 மார்ச் 18 அன்று 1 மணி 58 நிமிடம் 29 நொடிக்கான எண்ணின் கடைசி ஆறு இலக்கங்கள் 081804. இரண்டே நொடி தள்ளி, அடுத்த இடைவெளியில், 050471. உள்ளே போன நேர எண் 37037036இலிருந்து 37037037 ஆனது, அவ்வளவுதான். வெளியே வந்த இரண்டு எண்களுக்கும் உறவே தெரியவில்லை.

சாவியையும் நேரத்தையும் ஒட்டிவைத்து ஒரே ஒரு முறை ஹாஷ் செய்தால் போதாதா? போதாது. ஷா-1 தன் வேலையை முடித்த நிலையைத்தான் விடையாக வெளியிடுகிறது. அந்த விடையைக் கையில் வைத்திருப்பவர், சாவியே தெரியாமல், விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடரலாம். இந்த ஓட்டையை அடைக்கக் குறியீட்டியல் ஆய்வாளர்களான மிஹிர் பெல்லாரே, ரான் கனெட்டி, ஹ்யூகோ க்ராசிக் மூவரும் 1996ல் ஒரு வழி சொன்னார்கள். சாவியின் ஒவ்வொரு பைட்டையும் 54 என்ற எண்ணோடு பிட் பிட்டாக முரண்படுத்தி (இரண்டு பிட்டுகளும் வேறானால் 1, ஒன்றானால் 0), நேரத்தோடு சேர்த்து ஒருமுறை ஹாஷ் செய்ய வேண்டும். அதே சாவியை இந்த முறை 92 என்ற எண்ணோடு முரண்படுத்தி, முதல் விடையோடு சேர்த்து மறுபடி ஹாஷ் செய்ய வேண்டும். ஓர் உறையை இன்னோர் உறைக்குள் போட்டு இரண்டுக்கும் முத்திரை வைப்பதைப் போன்றது இது. உள் விடை வெளியே தெரிவதே இல்லை, எனவே அதைத் தொடரவும் முடியாது.

இப்போது கையில் இருபது பைட்டுகள் இருக்கின்றன. மனிதர் தட்டுவதற்கு ஆறு இலக்கங்கள் வேண்டும். எங்கே வெட்டுவது? 2005ல் வந்த முந்தைய ஆவணமான ஆர்.எஃப்.சி. 4226 தரும் எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். ஹாஷ் விடையின் இருபது பைட்டுகள், சாதாரண எண்களாக:

31, 134, 152, 105, 14, 2, 202, 22, 97, 133, 80, 239, 127, 25, 218, 142, 148, 91, 85, 90.

கடைசி எண் 90. அதைப் பதினாறால் வகுத்தால் மீதி 10. அந்த மீதிதான் சுட்டுவிரல்! முதல் பத்து எண்களைத் தாண்டிப் போய் அடுத்த நான்கை எடு என்கிறது அது. எண்ணிப் பாருங்கள்: 80, 239, 127, 25. இவற்றை ஒரே எண்ணாகக் கோத்தால் (80ஐ 256ஆல் மூன்று முறையும், 239ஐ இரண்டு முறையும், 127ஐ ஒரு முறையும் பெருக்கி, 25ஐயும் சேர்த்துக் கூட்ட வேண்டும்) 1357872921 வரும். கடைசி ஆறு இலக்கங்கள் 872921. உங்கள் திரையில் தெரிவது இதுதான்.

எங்கே வெட்ட வேண்டும் என்பதை வெட்டப்படும் பொருளே சொல்லிவிடுகிறது. அடுத்த முப்பது நொடியில் வெட்டும் இடமும் பெரும்பாலும் மாறிவிடும். காகிதமும் பேனாவும் இருந்தால் இந்தக் கடைசிப் படியை எட்டாம் வகுப்பு மாணவர் கையாலேயே செய்யலாம்.

இன்னொரு நுணுக்கம். நான்கு பைட்டுகளில் முதலாவது 128ஐ எட்டினாலோ தாண்டினாலோ 128ஐக் கழித்துவிட வேண்டும். சில கணினிகள் அந்த உச்சப் பிட்டைக் கழித்தல் குறியாகப் படித்துவிடும் என்பதற்கான முன்னெச்சரிக்கை அது. அதனால் மொத்தம் 2147483648 வாய்ப்புகளே மிஞ்சுகின்றன, அது பத்து லட்சத்தால் மீதியின்றி வகுபடாது. விளைவாக 000000 முதல் 483647 வரையிலான எண்கள் ஒவ்வொன்றுக்கும் 2148 வழிகள், மற்றவற்றுக்கு 2147 வழிகள். இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இந்தச் சாய்வால் யாருக்கும் ஆதாயம் இல்லை. ஆனால் "777777 போன்ற எண் வருவது அதிசயம், அதிர்ஷ்டம்" என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது 872921ஐப் போல இன்னோர் எண், அவ்வளவுதான். பிறந்த நாளையும் ராசியான எண்ணையும் ரகசிய எண்ணாக வைத்துக்கொள்ளும் பழக்கம் திருடர்களுக்கு எவ்வளவு உதவுகிறது என்பதை நினைத்தால் எனக்கு வேதனையாகத்தான் இருக்கிறது.

முறையை இப்படி வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறார்களே, ஆபத்தில்லையா என்று கேட்கலாம். ஆர்.எஃப்.சி. 6238 ஆவணத்தில் 2603ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் தேதிக்கான விடைகூட இருக்கிறது, மாதிரிச் சாவிக்கு. உங்கள் சாவி இல்லாதவருக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை. சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும், முறை எதிரியின் கையில் கிடைத்தாலும் பாதகமில்லாதபடி அமைய வேண்டும் என்று டச்சு மொழியியலாளர் ஒகுஸ்த் கெர்க்ஹோஃப்ஸ் 1883லேயே எழுதினார். முறையை மறைத்துவைத்தால்தான் பாதுகாப்பு என்ற நம்பிக்கை இன்றும் பல அலுவலகங்களில் உயிரோடு இருக்கிறது. அதை மூடநம்பிக்கை என்றே சொல்வேன்.

வெளிப்படையாக இருந்ததால் என்ன நடந்தது என்று பாருங்கள். 2005ல் சீனக் குறியீட்டியல் ஆய்வாளர் ஷியாவோயுன் வாங் குழுவினர் ஷா-1இல் ஒரு பலவீனத்தைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு வேறு உள்ளீடுகளுக்கு ஒரே விடை வரவைக்க (இதை மோதல் என்பார்கள்), எதிர்பார்த்ததைவிடக் குறைந்த உழைப்பு போதும் என்றார்கள். அப்படியானால் அந்த இரட்டை உறை? 2006ல் பெல்லாரே அதற்கு ஒரு நிரூபணம் தந்தார்: இரட்டை உறையின் பாதுகாப்பு இந்த வகை மோதலைச் சார்ந்தே இல்லை. ஷா-1இல் நிஜமான மோதலை 2017ல் ஆய்வாளர்கள் உண்டாக்கிக் காட்டியபோது பல பயன்பாடுகளிலிருந்து அதை அகற்ற வேண்டியிருந்தது. ஆறு இலக்கச் செயலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. யாருக்கு என்ன பயன் என்று நிதிக்குழுவில் கேட்டால் பதில் சொல்லத் தடுமாற வேண்டிய அருவமான கணிதம் பெல்லாரேயின் அந்த நிரூபணம். உடனடிப் பலனைக் காட்டச் சொல்லி அடிப்படை ஆய்வுக்கான பணத்தை வெட்டுகிறவர்கள், இப்படிப்பட்ட பக்கங்களையும் சேர்த்துத்தான் வெட்டுகிறார்கள்.

குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி வேறு வகை. அங்கே சர்வர் ஓர் எண்ணை உருவாக்கித் தொலைபேசி வலைப்பின்னல் வழியே அனுப்புகிறது. உங்கள் பெயரில் வேறொருவர் மாற்று சிம் வாங்கிவிட்டால் எண் அவருக்குப் போகும். அமெரிக்காவின் தரநிலை மற்றும் தொழில்நுட்பத் தேசிய நிறுவனம் 2017ல் இந்த வழியைக் கட்டுப்பாட்டுக்கு உரியதாக வகைப்படுத்தியது. செயலிக்கு எண் வெளியிலிருந்து வருவதே இல்லை என்பதால் இந்த ஆபத்தும் இல்லை.

ஆனால் செயலிக்கும் இரண்டு பலவீனங்கள் உண்டு. அதே சாவி சர்வரிலும் இருந்தாக வேண்டும். 2011ல் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான ஆர்எஸ்ஏவின் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள், இதே போன்ற எண் காட்டும் கருவிகள் தொடர்பான தகவல்களைத் திருடினார்கள். பெருமளவில் கருவிகளை மாற்றித்தர நிறுவனம் முன்வர நேர்ந்தது. இரண்டாவது பலவீனம், எண்ணை மனிதர் சுமந்து செல்வது. உண்மைத் தளத்தைப் போலவே ஒரு போலிப் பக்கம். நீங்கள் எண்ணைத் தட்டுகிறீர்கள். பின்னாலிருக்கும் நிரல் அடுத்த நொடியே அதை உண்மைத் தளத்தில் தட்டுகிறது. முப்பது நொடி ஒரு மனிதருக்குக் குறுகிய நேரம், நிரலுக்கு நீண்ட அவகாசம்.

பணம் பறிபோனவரிடம் "எண்ணைக் கொடுத்தது நீங்கள்தானே" என்று சொல்லிப் பொறுப்பை இறக்கிவைக்கும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. உண்மைத் தளத்தையும் போலித் தளத்தையும் பிரித்தறியும் வேலையைக் கணக்கு எங்கேயும் செய்யவில்லை. அதை முழுவதுமாகக் களைத்துப்போன ஒரு கண்ணிடம் விட்டது வடிவமைப்பு. இழப்பை நிறுவனமும் பகிர வேண்டும் என்று விதி இருந்தால், வடிவமைப்பை மாற்றும் அவசரம் அவர்களுக்கும் வரும்.

மாற்று வழி ஏற்கெனவே இருக்கிறது. பாஸ்கீ எனப்படும் முறைக்கு அடித்தளமான தரம் 2019 மார்ச்சில் முறைப்படி வெளியானது. இதில் செல்பேசி ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு ஜோடிச் சாவியை உருவாக்கும். பூட்டைச் சரிபார்க்க உதவும் பாதி மட்டும் சர்வருக்குப் போகும், அதைத் திருடினாலும் உள்ளே நுழைய முடியாது. நுழையும்போது சர்வர் ஒரு புதிய எண்ணை அனுப்பும், செல்பேசி அதில் கையொப்பமிடும். அந்தக் கையொப்பத்துக்குள் தளத்தின் முகவரியும் அடங்கும், அதை நிரப்புவது நீங்கள் இல்லை, உலாவி. முகவரியில் ஓர் எழுத்து மாறியிருப்பதை உங்கள் கண் தவறவிட்டாலும் உலாவி தவறவிடாது. போலிப் பக்கத்தில் நின்று நீங்கள் எத்தனை முறை அழுத்தினாலும், அந்த முகவரிக்கான சாவி செல்பேசியில் இல்லை.