ஜேஸ்டாக் இல்லாத சர்வரில் ஜாவா உறைந்து நிற்கும்போது

ஜாவாவில் எழுதப்பட்ட சேவைகளைப் பராமரிக்கும் பணியில் எனக்குத் திரும்பத் திரும்ப வரும் அழைப்பு ஒன்று உண்டு. சேவை பதில் தரவில்லை, ப்ராசஸ் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது, நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளான திரெட்களின் நிலையைக் காட்டும் ஜேஸ்டாக் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால் அப்படியொரு கட்டளையே இல்லை என்று வருகிறது, ரீஸ்டார்ட் செய்துவிடலாமா என்று கேட்பார்கள். ரீஸ்டார்ட் செய்தால் சேவை மீண்டுவிடும். ஆனால் எந்த திரெட் எந்த லாக்கிற்காக (ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டுமே பிடிக்கக்கூடிய பூட்டு) காத்து நின்றது என்பதற்கான தடயமும் அத்தோடு போய்விடும், காரணம் தெரியாத அந்தக் கோளாறு பிறகொரு நாள் மறுபடியும் வரும்.

ஓடும் ஜாவா நிரலை ஆராய உதவும் ஜேஸ்டாக், ஜேமேப், ஜேசிஎம்டி ஆகியவை நிரல் எழுதுவோருக்கான ஜேடிகே தொகுப்பைச் சேர்ந்தவை. நிரலை ஓட்டுவதற்கு மட்டுமான ஜேஆர்ஈ தொகுப்பில் அவை வருவதில்லை. 2018 செப்டம்பரில் வெளியான ஜாவா 11 முதல் ஆரக்கிள் நிறுவனம் தனியாக ஜேஆர்ஈ வழங்குவதை நிறுத்திவிட்டது என்றாலும், டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளின் ஜேஆர்ஈ பேக்கேஜ்களும், நிரலை அதன் தேவைகளோடு கண்டெய்னர் என்ற தனிப் பொதியாக ஓட்டும் டாக்கருக்கான ஜேஆர்ஈ இமேஜ்களும் இன்றும் பரவலாகப் பயன்பாட்டில் உள்ளன. அளவு குறைவு, தாக்குதலுக்கு இடம் குறைவு என்ற நியாயமான காரணங்களுக்காகவே அவற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தத் தேர்வோடு எந்தக் கருவிகள் கைநழுவுகின்றன என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை என்பதுதான் என் கவலை.

கருவி இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. லினக்ஸில் 'கில் -3' என்று கொடுத்து ப்ராசஸ் எண்ணைச் சேர்த்தால் சிக்குயிட் சிக்னல் போகும். ஜாவா நிரலை இயக்கும் ஜேவிஎம் தன் திரெட்கள் அனைத்தின் நிலையையும் தானே அச்சிட்டுவிட்டுத் தொடர்ந்து ஓடும். ஜேஸ்டாக்கும் உள்ளுக்குள் இதே சிக்னலைத்தான் நம்பியிருக்கிறது: முதலில் ஒரு சிறிய அடையாளக் கோப்பை உருவாக்கிவிட்டுச் சிக்னலை அனுப்புகிறது, அந்தக் கோப்பைக் கண்ட ஜேவிஎம் தற்காலிகக் கோப்புகளுக்கான டிஎம்பி டைரக்டரியில் ஒரு சாக்கெட்டை (தொடர்பு வாயில்) திறந்து அதன் வழியே பதில் சொல்கிறது. கோப்பு இல்லையென்றால் திரெட் டம்ப்பை, அதாவது திரெட்களின் அந்த நிலைப் பட்டியலை, தன் வழக்கமான அவுட்புட்டிலேயே எழுதிவிடுகிறது. ஆகவே அதைத் தேட வேண்டிய இடம் நீங்கள் சிக்னல் அனுப்பிய டெர்மினல் அன்று. டாக்கர் என்றால் கண்டெய்னரின் பதிவுக் கோப்பு, லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி என்றால் பெரும்பாலும் அதன் ஜர்னல். சில நொடிகள் இடைவெளி விட்டு மூன்று முறையாவது எடுங்கள். மூன்றிலும் ஒரே வரியில் நிற்கும் திரெட்தான் விசாரிக்கத் தக்கது; ஒரே ஒரு டம்ப்பைப் பார்த்து முடிவுக்கு வருவது பெரும்பாலும் தவறான இடத்துக்கே இட்டுச் செல்லும். ஜாவா லாக்குகளுக்கிடையே டெட்லாக் (திரெட்கள் ஒன்றையொன்று விடுவிக்காமல் காத்து நிற்பது) இருந்தால் அதை ஜேவிஎம் டம்ப்பின் இறுதிப் பகுதியில் தானே சுட்டிக்காட்டும்.

ஓர் எச்சரிக்கை அவசியம். '-எக்ஸ்ஆர்எஸ்' என்ற ஆப்ஷனோடு தொடங்கப்பட்ட ஜேவிஎம் இந்தச் சிக்னலைக் கையாளாது. அனுப்பினால் ப்ராசஸ் செத்துவிடும். எனவே அது எந்த ஆப்ஷன்களோடு ஓடுகிறது என்பதை முதலில் பார்த்துவிட்டுச் சிக்னலை அனுப்புங்கள்.

நிரந்தரத் தீர்வை இமேஜை உருவாக்கும்போதே செய்ய வேண்டும். உற்பத்திச் சூழலில் கம்பைலர் இருக்கக் கூடாது என்று பாதுகாப்புக் குழு சொன்னால் அதில் பிழையில்லை. அதற்காக ஆய்வுக் கருவிகளையும் இழக்க வேண்டியதில்லை. 2017-இல் ஜாவா 9-உடன் வந்த ஜேலிங்க், தேவையான மாட்யூல்களை மட்டும் சேர்த்து ஒரு ரன்டைமை அமைத்துத் தருகிறது. அதில் ஜேடிகே.ஜேசிஎம்டி மாட்யூலைச் சேர்த்தால் ஜேஸ்டாக், ஜேமேப் உள்ளிட்ட கருவிகள் வந்துவிடும், கம்பைலர் வராது. அதுவும் இயலாதபோது அதே பதிப்பு ஜேடிகேயைச் சர்வரில் தனி டைரக்டரியில் விரித்து, சேவை எந்தப் பயனர் கணக்கில் ஓடுகிறதோ அதே கணக்கிலிருந்து இயக்கலாம். ரூட்டாக இருப்பதைவிட அதே பயனராக இருப்பதே இங்கு நம்பகமானது.

நினைவகம் தீர்ந்து விழும் சேவைகளுக்கு 'ஹீப்டம்ப்ஆன்அவுட்ஆஃப்மெமரிஎரர்' ஆப்ஷனை முன்கூட்டியே போட்டு வையுங்கள். ஜேமேப் இல்லாமலே ஹீப் டம்ப், அதாவது நிரலின் நினைவகத்தின் நகல், கோப்பாகக் கிடைத்துவிடும். அந்தக் கோப்பில் நினைவகத்தில் இருந்த கடவுச்சொற்களும் வாடிக்கையாளர் விவரங்களும் அப்படியே இருக்கும் என்பதால், அது எழுதப்படும் டைரக்டரியைச் சேவையின் பயனர் மட்டுமே படிக்கும்படி அமையுங்கள், ஆய்வு முடிந்ததும் கோப்பை அழித்துவிடுங்கள்.