டைனோசூக்கஸ்: முதுகுத் தகட்டில் ஒரு வயதுக் கணக்கு

முதலையின் முதுகில் வரிசையாக முண்டு முண்டாகத் தெரிகிறதே, அந்த ஒவ்வொரு முண்டுக்கும் அடியில், தோலுக்குள், ஓர் எலும்புத் தகடு இருக்கிறது. 1903-ல் அமெரிக்காவின் மொன்டானாவில் கிடைத்த சில தகடுகள் அளவுக்கு மீறித் தடிமனாக இருந்தன. ஏதோ கவச டைனோசருடையவை என்றே முதலில் நினைத்தார்கள். அவை ஒரு ராட்சத முதலையினுடையவை என்று கண்டுகொண்ட ஆய்வாளர் வில்லியம் ஹாலண்ட், 1909-ல் அதற்கு டைனோசூக்கஸ் என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் 'பயங்கர முதலை' என்று பொருள்.

பெயர் பொருத்தம்தான். சுமார் 10 மீட்டர் நீளம். ஒரு டவுன் பஸ் அளவு! ஏறத்தாழ 8.2 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 7.3 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை, வட அமெரிக்காவை இரண்டாகப் பிளந்து கிடந்த உள்கடலின் இரு கரைகளிலும் அது வாழ்ந்தது. அதன் பல் பதிந்த ஆமை ஓடுகளும் டைனோசர் எலும்புகளும் கிடைத்திருக்கின்றன. அலிகேட்டர் என்ற முதலை வகையின் பழைய உறவு என்றே நெடுங்காலமாக அதைச் சொல்லி வந்தார்கள். ஆனால் அலிகேட்டருக்கு உப்புநீர் ஒத்துக்கொள்ளாது. இது எப்படிக் கடலின் இரு பக்கமும் பரவியது? 2025-ல் வந்த ஓர் ஆய்வு, அந்த உறவுமுறையையே மாற்றி எழுத வேண்டும் என்கிறது.

சரி, இவ்வளவு பெரிய உடம்பு எப்படி வந்தது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். முதலைக்குப் பல் விழுந்து விழுந்து முளைக்கும், அதனால் பல்லை வைத்து வயது சொல்ல முடியாது. முதுகுத் தகடு அப்படியில்லை, உடம்போடு சேர்ந்தே தடிக்கிறது. சாதகமான பருவத்தில் எலும்பு வேகமாகப் படியும். குளிரோ வறட்சியோ வந்தால் வளர்ச்சி மட்டுப்பட்டு மெல்லிய கோடு விழும். மரத்தின் ஆண்டு வளையம் மாதிரியேதான். தகட்டை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் கோடுகளை எண்ணலாம். இரண்டு கோடுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்த்தால் அந்த ஆண்டின் வளர்ச்சியும் தெரியும்.

1999-ல் கிரெகரி எரிக்சன், கிறிஸ்டோபர் புரோச்சு என்ற இரு தொல்லுயிர் ஆய்வாளர்கள் டைனோசூக்கஸின் தகடுகளில் இதைத்தான் செய்தார்கள். பெரிய டைனோசர்கள் கிடுகிடுவென வளர்ந்து பெருத்தவை. டைனோசூக்கஸ் அப்படி வளரவில்லை. இன்றைய இளம் முதலைகள் ஆண்டுக்கு ஓர் அடி போல நீள்கின்றனவே, அதே வேகம்தான் அதற்கும். ஆனால் இன்றைய முதலைகளின் வளர்ச்சி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடுகிறது. அதுவோ பல பத்தாண்டுகள் நிறுத்தவே இல்லை. முழு அளவை எட்ட 35 ஆண்டுகளுக்கு மேல் ஆனது என்று வளையங்கள் காட்டுகின்றன.